ஒரு கல்யாணச் சீட்டும் மாட்டுங்காவின் தனிக்கடைகளும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பெண் வீடு மும்பையில் சயன். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். தாத்தா காலத்தில் தாராவிக்கு வந்து பலசரக்குக் கடை போட்ட குடும்பம். மாப்பிள்ளை வீடு செம்பூர், பாலக்காட்டு அய்யர்கள். காதல் கல்யாணம்தான். ஆனாலும் இரண்டு வீடும் உட்கார்ந்து பேசி, முகூர்த்தம் மாப்பிள்ளை வீட்டு முறை, விருந்தும் சீரும் பெண் வீட்டு முறை என்று முடித்துக்கொண்டார்கள். கட்டப்போகும் இரண்டு தாலியில் பிறந்த வீட்டுத் தாலி பெண் வீட்டு வடிவத்திலேயே இருக்கட்டும் என்று மாப்பிள்ளையின் அம்மாவே சொல்லிவிட்டார். தை மாதம், சயனில் ஒரு மண்டபம்.

இந்தக் கல்யாணம் என் மேஜைக்கு ஒரு துணிப்பை நிறைய பில்லாக வந்தது. மாட்டுங்கா, தாதர் பக்கத்துச் சின்னக் கடைகளுக்குக் கணக்குப் பார்க்கிறவன் நான். பெண்ணின் அப்பா கடையும் அதில் ஒன்று. "அண்ணாச்சி, எங்க எவ்வளவு போச்சுன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க. யாரையும் வைய மாட்டேன்" என்றார். சொன்னேன், வைதார். பை மட்டும் என்னிடமே தங்கிவிட்டது. அந்தப் பில்களை வைத்துக்கொண்டு, கொடுத்த கடைகளிலும் வாங்கிய குடும்பத்திலும் பேசி எழுதியது இது. இதில் வரும் கடைகளில் சில என்னிடம் கணக்குக் கொடுப்பவை. அந்தச் சாய்வு எனக்கு இருக்கும், கழித்துக்கொண்டு படிக்கலாம்.

நான் தேடியது ஒன்றைத்தான். ஆன்லைனும் மாலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற மும்பையில், ஒரே வகைச் சரக்கை வைத்துக்கொண்டு நூறு, நூற்றைம்பது சதுர அடியில் உட்கார்ந்திருக்கும் கடை எதை விற்றுப் பிழைக்கிறது?

மூன்று கையெழுத்தில் ஒரு சீட்டு

கல்யாணச் சாமான் சீட்டில் மூன்று பேர் கை இருந்தது. கல்யாணம் செய்துவைக்கிற வாத்தியார் எழுதிக் கொடுத்தது ஒன்று: தர்ப்பை, விரலி மஞ்சள், பாலிகைக் கிண்ணம், நவதானியம், காசியாத்திரைக்குக் குடையும் விசிறியும். பெண்ணின் அம்மா எழுதியது இன்னொன்று: குத்துவிளக்கு, சீர்ப் பாத்திரம், புடவைகள். மூன்றாவது சீட்டு, பெண்ணின் போனில் இருந்தது. அவள் ஐ.டி. வேலை, ஐரோலியில் ஆபீஸ். அவள் விதி தெளிவானது: முதலில் ஆன்லைன், அதில் கிடைக்காதது மால், மாலிலும் இல்லாததற்கு மட்டும் கடை கடையாக அலைவது.

அந்த விதி பெரும்பாலும் பலித்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். மாப்பிள்ளையின் கோட், செருப்பு, அலங்காரச் சாமான், வந்தவர்களுக்குக் கொடுக்க எவர்சில்வர் டப்பா, படுக்கை விரிப்பு எல்லாம் வீடு தேடி வந்தன. விலையும் குறைவு, பிடிக்காதது திரும்பிப் போனது. இந்தச் சாமான்களில் தனிக்கடைக்கு இனி இடமில்லை என்றே நினைக்கிறேன். அதற்காக யாரும் அழ வேண்டியதில்லை.

சிக்கியது புடவையில். "ஒன்பது கஜம், பட்டு, அரக்குச் சிவப்பு" என்று பார்த்து வாங்கிய கூறைப்புடவை வந்தது. பிரித்துப் பார்த்தால் தைத்த நவ்வாரி. மராத்திக்காரர்கள் கட்டும் ஒன்பது கஜத்தை, கால் விட்டு இழுத்து நாடா முடிந்துகொள்ளும்படி தைத்திருந்தது. தாதர் மேற்கில் ரானடே சாலைப் பக்கம் போனால் இதையே நன்றாகத் தைத்து விற்கும் கடைகள் இருக்கின்றன. அங்கே வாங்குகிற மராத்திப் பெண்ணுக்கு அது சரியான பொருள். விற்றவர் பொய் சொல்லவுமில்லை. ஒன்பது கஜம் உண்மை, பட்டு உண்மை, நிறம்கூட உண்மை. யார் கட்டப்போகிறார், எப்படி என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கேள்வி கேட்கிற கல்லா

மாட்டுங்கா கிழக்கில் ஸ்டேஷனை விட்டு இறங்கி பண்டார்கர் சாலைப் பக்கம் நடந்தால், ஆஸ்திக சமாஜம் கோயிலைச் சுற்றிக் கால் மணி நடைக்குள் பூ, புடவை, பூஜைச் சாமான், காப்பிப்பொடி, வாழையிலை, அப்பளம், பாத்திரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கடை. சிலவற்றுக்கு இரண்டு மூன்று. அம்மாவும் பெண்ணும் முதலில் ஏறியது ஒரு புடவைக் கடை.

கடைக்காரருக்கு எழுபது வயதிருக்கும். "ஒன்பது கஜம் கூறை" என்று கேட்டதும் அலமாரிப் பக்கமே திரும்பவில்லை. "யார் கட்டி விடப்போறா? பொண்ணு எவ்வளவு உசரம்? ஹோமத்துக்கு முன்னாடி எத்தனை நாழி உக்காரணும்?" என்று வரிசையாகக் கேட்டார். பிறகு, "அய்யர் கட்டா, அய்யங்கார் கட்டா?"

அம்மாவுக்கு எரிச்சல். கட்டு எதுவானால் என்ன, துணி ஒன்றுதானே? "துணி ஒண்ணுதாம்மா. ப்ளவுஸ் வேறயாயிடும்" என்றார். அய்யர் மடிசாரில் முந்தானை வலது தோளில் விழும். அய்யங்கார் கட்டில் இடது தோளில். நாம் தினமும் கட்டுகிற ஆறு கஜத்திலும் இடதுதான். பாந்திராவில் ஒரு பொட்டிக்கில் முகூர்த்த ப்ளவுஸுக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. வலது கையில் மயில் எம்ப்ராய்டரி, இடது கை வெறுமை. முந்தானை வலது தோளில் விழுந்தால் மயில் புடவைக்குள் போய்விடும். பெண் கல்லாவுக்கு முன்னால் நின்றபடியே பாந்திராவுக்குப் போன் போட்டு, மயிலை இடது கைக்கு மாற்றினாள். அதற்கப்புறம்தான் புடவை அலமாரியிலிருந்து இறங்கியது.

அந்தக் கேள்விக்குக் கடைக்காரருக்கு ஒரு பைசா லாபம் கிடையாது. ப்ளவுஸ் அவர் விற்பதுமில்லை.

வேட்டியிலும் இதே கதை, சின்ன அளவில். எட்டு முழ டபுள் வேட்டியை ஆன்லைனில் வாங்கி வைத்திருந்தார்கள். பஞ்சகச்சத்துக்கு ஒன்பது முழம் வேட்டி, ஐந்து முழம் அங்கவஸ்திரம் சேர்ந்த ஒன்பது-ஐந்து வேண்டும். மாப்பிள்ளையின் உயரத்தையும் இடுப்பையும் கேட்டுவிட்டு, அதுவும் போதாது, பத்து-ஆறு எடுத்துக்கோ என்று கொடுத்தார்கள். பூஜைக் கடையில் கேட்டது ஒன்றே ஒன்று: "வாத்தியார் லிஸ்ட் இருக்கா, இல்ல நீங்களா எழுதினதா?" வாத்தியாருக்கு வாத்தியார் சீட்டு மாறும் என்பது அவர்களுக்குத் தெரியும். பருப்புத் தேங்காய்க் கூடு எத்தனை அங்குலம் என்பதுவரை போன் போட்டுக் கேட்டு, பொட்டலம் கட்டி வைத்துவிட்டார்கள்.

காப்பிப்பொடிக் கடையை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பெண்ணின் அப்பா வீட்டுக்கு வாங்குகிற பீபெரி, பிளாண்டேஷன் ஏ என்ற இரண்டு ரகக் காப்பிக்கொட்டை பாதிப் பாதி, சிக்கரி இருபது சதவீதக் கலவையையே கல்யாணத்துக்கும் கேட்டார். கடைக்காரர் கேட்டது: "சமையல்காரர் ஃபில்டர்ல இறக்கறவரா, துணியில வடிகட்டறவரா? டிகாக்ஷன் எத்தனை மணி நேரம் நிக்கும்?" பெரிய ஃபில்டருக்கு அரைப்பு கொஞ்சம் கரகரப்பாக இருந்தால்தான் இறங்கும், வீட்டுப் பதத்தில் அரைத்தால் அடைத்துக்கொள்ளும். மணிக்கணக்கில் நிற்கிற டிகாக்ஷனுக்குக் கலவையில் சிக்கரி கூட இருந்தால்தான் நிறமும் கெட்டியும் தாங்கும் என்று எழுபது-முப்பது கொடுத்தார். சட்டப்படி காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டின் விகிதத்தையும் பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டும். இவர் அதற்குள்தான் விளையாடினார். வீட்டுக் கலவையைவிட இது விலை குறைவு. கேட்டதையே கட்டிக் கொடுத்திருந்தால் அவருக்கு அதிக வரும்படி.

மாலை மூன்று தரம் மாறும்

பூக்கடைக்காரர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அவர் அப்பா வைத்த கடை. அகலம் இரண்டு ஆள் தோளோடு தோள் நிற்கலாம், அவ்வளவுதான். சரக்கு பெரும்பாலும் தாதர் மேற்கில் மேம்பாலத்தடியில் விடியுமுன் கூடுகிற பூச்சந்தையிலிருந்து வருகிறது. மோக்ரா என்கிற மல்லிகையில் ஒரு பங்கு பால்கர், ஜவ்ஹார் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து. சந்தையில் எல்லாருக்கும் கிடைப்பதுதான் இவருக்கும் கிடைக்கிறது.

பெண் ஏற்கெனவே ஒரு டெக்கரேஷன்காரரிடம் மாலைக்கு விலை கேட்டிருந்தாள். வெள்ளை ஆர்க்கிட், ரோஜா இதழ் கோர்த்த ஜோடி, படத்தில் அழகாகவே இருந்தது. அந்தப் படத்தைப் பூக்கடைக்காரரிடம் காட்டி, "இதே மாதிரி முடியுமா அண்ணா?" என்று கேட்டாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "முடியும் பாப்பா. மாலை மாத்தறப்ப மாமன்மார் தூக்குவாங்களா?"

தூக்குவார்கள். பாலக்காட்டு வீட்டில் அது பாதித் திருவிழா. மாமன் தோளில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஏறிக்கொள்ள, எட்டாமல் எட்டி, மூன்று தரம் மாலை மாறும். இரண்டு கூட்டமும் பின்னால் இழுக்கும். கோர்த்த இதழ் மாலை அதற்குத் தாங்காது. முதல் இழுப்பில் நூல் அறுந்தால் பூ மேடையெல்லாம் சிதறும். மாலை அறுந்தால் பெரியவர்கள் முகம் எப்படிப் போகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவர் சொன்ன யோசனை இது: மாலை மாற்றுவதற்குச் சம்பங்கியும் ரோஜாவும் வைத்து, வாழைநாரில் இறுக்கிக் கட்டிய ஒல்லி மாலை ஒரு ஜோடி, தலை வழியாகச் சட்டென்று இறங்கும்படி வாய் அகலமாக. தாலி கட்டும்போது போட்டுக்கொள்ள ஒரு கனத்த கட்டு மாலை ஜோடி. அந்த ஆர்க்கிட் மாலை ரிசப்ஷனுக்கு, அதையும் டெக்கரேஷன்காரரிடமே வாங்கிக்கொள்ளட்டும்.

அடுத்துக் கேட்டது முகூர்த்த நேரம். ஏழரைக்கு என்றதும், சரத்தை முதல் நாள் ராத்திரி அனுப்ப மாட்டேன், காலை ஐந்துக்குப் பையன் மண்டபத்துக்கு வருவான், ஈரத் துணியோடு யாராவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். வந்தான். ஐந்துக்கு அல்ல, ஐந்தே முக்காலுக்கு. அதுவரை பெண்ணின் அம்மா பட்ட பாடு தனி.

ஜவேரி பஜாரில் மெழுகுக் கட்டி

தாலிதான் உண்மையிலேயே கஷ்டமாகப் போனது. மாப்பிள்ளை வீட்டுத் தாலி மாட்டுங்காவிலேயே கிடைத்தது. பெண் வீட்டு வடிவம் அங்கே யாரிடமும் அச்சாக இல்லை. ஊரில் செய்து வரவழைக்கலாம் என்றால், ஆசாரி குடும்பம் தொழிலை விட்டுப் பல வருஷமாகிறது.

முடிவில் ஜவேரி பஜார். மும்பாதேவி கோயிலைச் சுற்றிய சந்துகளில், கீழே கண்ணாடிக் கடை, மேலே மரப்படி ஏறினால் பட்டறை. அங்கே வேலை செய்கிறவர்களில் பலர் வங்காளிகள். கீழே இருந்த கடைக்காரர் மாதிரி கேட்டார். மாதிரி அம்மாவின் கழுத்தில் இருக்கிறது, கழற்ற மாட்டார். போட்டோ எடுத்துக் கொடுத்தார்கள். மேலே இருந்த காரிகர், அதாவது நகை செய்கிற கைவேலைக்காரர், படத்தைப் பார்த்துவிட்டு, முன்பக்கம் தெரிகிறது, குமிழ் எவ்வளவு எழும்பியிருக்கிறது என்பது தெரியவில்லையே என்றார்.

அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவின் ஹிந்தி தாராவி ஹிந்தி. ஆனால் கழற்றக் கூடாது என்பது அவருக்குச் சொல்லாமலே புரிந்தது. விளக்கில் காட்டி இளக்கிய ஒரு மெழுகுக் கட்டியைச் சின்னத் தட்டில் வைத்து அம்மாவிடம் நீட்டினார். தான் தொடவில்லை. அம்மா சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, தாலியைத் தன் கையாலேயே அதில் அழுத்தி எடுத்துக் கொடுத்தார். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. காரிகர் அளவுக்கோலை வைத்து மெழுகில் அளந்து பென்சிலால் எழுதிக்கொண்டார்.

எடையில்தான் கீழ்க் கடைக்காரரின் கேள்வி வந்தது. 2 கிராமுக்குள் இருக்கிற நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. அம்மாவின் தாலி அதற்குள்தான் இருந்தது. அதே எடையில் வேண்டுமா, அல்லது கொஞ்சம் கூட்டி முத்திரையோடு தரட்டுமா? கூட்டிச் செய்தார்கள். 2023 ஏப்ரல் முதல் விற்கிற நகையில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் முத்திரை, 22 காரட் என்றால் 916 என்ற தூய்மைக் குறி, நகைக்கு நகை மாறுகிற, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண் மூன்றும் இருக்க வேண்டும். அந்த எண்ணைப் போனில் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். பெண் கடையை விட்டு இறங்குமுன்பே சரிபார்த்தாள். பையில் இருந்த பில்களிலேயே எனக்கு வேலை வைக்காத பில் அதுதான்.

கேள்வி கேட்க யாருக்குக் கட்டுப்படியாகும்

மாட்டுங்காக் கடைக்காரர்கள் பிறவியிலேயே பொறுமைசாலிகள் என்று நான் சொல்லப்போவதில்லை. கணக்கு முடிக்கிற மார்ச் மாதம் என்னிடம் அவர்கள் பேசுகிற பேச்சைக் கேட்டால் தெரியும். அரை மணி நேரம் கேள்வி கேட்டு, விலை குறைந்த சரக்கைக் கொடுத்து அனுப்புவதற்குக் கல்லாவில் இடம் இருக்க வேண்டும். அந்த இடத்தை அவர்களுக்குக் கொடுப்பது வாடகை.

1896 பிளேக்குக்குப் பிறகு, 1898இல் அமைந்த பம்பாய் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் தாதர், மாட்டுங்கா, சயன் பகுதியை மனை பிரித்துத் தெருப் போட்டது. ரயில்வேக்கும் வங்கிக்கும் கம்பெனிகளுக்கும் குமாஸ்தாக்களாக வந்த தென்னிந்தியர்கள் அந்தத் தெருக்களில் குடியேறினார்கள், தென்னிந்தியக் கல்விச் சங்கமான எஸ்.ஐ.இ.எஸ். 1932இல் தொடங்கியது, ஓட்டல்களில் ராம் ஆஸ்ரயா 1939, கஃபே மெட்ராஸ் 1940 என்று பின்னாலேயே எல்லாம் வந்தன. அந்தக் காலத்துக் கட்டடங்களின் கீழ்த்தளக் கடைகள் பல இன்றும் பகடி முறையில் இருக்கின்றன. உள்ளே வரும்போது ஒரு பெரிய தொகை. அப்புறம் மாத வாடகை பேருக்கு. கடையைக் கை மாற்றினால் வருகிற தொகையில் கட்டடச் சொந்தக்காரருக்கு ஒரு பங்கு. 2000 மார்ச் 31 முதல் அமலில் இருக்கும் 1999ஆம் வருஷத்து மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இந்தத் தொகை வாங்குவதைச் சட்டபூர்வமாக்கியது. சொந்தக்காரர் ஆண்டுக்கு 4 சதவீதம்தான் வாடகை ஏற்றலாம். வங்கிகளுக்கும் பன்னாட்டு நிறுவனங்களுக்கும், செலுத்திய மூலதனம் 1 கோடி ரூபாயோ அதற்கு மேலோ உள்ள கம்பெனிகளுக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. கிட்டத்தட்டச் சின்ன ஆளுக்கு மட்டுமே.

என் கணக்குப் புத்தகங்களில் இது அப்பட்டமாகத் தெரியும். பகடிக் கடையின் செலவுப் பக்கத்தில் வாடகை, டீச் செலவுக்குப் பக்கத்தில் வரும். கட்டடச் சொந்தக்காரர் தரப்பில் நியாயம் இல்லாமலில்லை. அந்த வாடகையில் கூரை ஒழுக்கைக்கூட அடைக்க முடியாது. கட்டடங்கள் இன்றிருக்கிற லட்சணமே அதற்குச் சாட்சி.

பாந்திரா பொட்டிக்கை இதோடு வைத்துப் பார்த்தேன். அதை நடத்துகிற பெண் முப்பது வயதுக்காரி, கோயம்புத்தூர்ப் பூர்வீகம், கை வேலை அபாரம். அவள் இருப்பது லீவ் அண்டு லைசென்ஸில்: குறிப்பிட்ட காலம், பெரிய டெபாசிட், புதுப்பிக்கும்போதெல்லாம் ஏற்றம். ஒப்பந்தம் முடிந்து சாவியைக் கேட்டால் கொடுக்க வேண்டியதுதான். அவளும் கேள்வி கேட்கிறாள், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் முன்கூட்டி நேரம் வாங்க வேண்டும். முதல் சந்திப்புக்கே கட்டணம். அந்தக் கட்டணத்தைப் பெண்ணின் அப்பா கொள்ளை என்று எழுதி வைத்திருந்தார். அவளுடைய வாடகையைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாட்டுங்காக்காரர் கேள்விக்கான கூலியைச் சட்டம் கொடுக்கிறது. இவள் வாடிக்கையாளரிடம் வாங்க வேண்டியிருக்கிறது. மயிலை இடது கைக்கு மாற்றியதற்கு அவள் தனியாகக் காசு கேட்கவில்லை என்பதையும் பில்லில் பார்த்தேன்.

வாடகை குறைவாக இருந்தால் மட்டும் கடை பிழைத்துவிடும் என்றும் இல்லை. காலா கோடாவின் பாட்டுக் கடை ரிதம் ஹவுஸ் 2016இல் மூடியது, கோட்டைப் பகுதியில் 1948இலிருந்து இருந்த ஸ்ட்ராண்ட் புக் ஸ்டால் 2018இல். இரண்டிலும் சரக்கை அறிந்தவர்கள் இருந்தார்கள். பாட்டு கேட்கவும் புத்தகம் வாங்கவும் ஜனங்களுக்கு வேறு வழி வந்துவிட்டது. மாட்டுங்காவுக்கு அந்த நிலைமை வராததற்குக் காரணம் கல்யாணம், சீமந்தம், அறுபதாம் கல்யாணம், ஷண்முகானந்தா கச்சேரி, கோயில் உற்சவம் என்று ஒன்றுபோனால் ஒன்று வருகிற கூட்டம். ஒரு சீட்டோடு வருகிறவர் ஆறு கடை ஏறுகிறார். புடவைக் கடைக்காரரே பூக்கடைக்கு வழி காட்டுகிறார். கமிஷன் உண்டா என்று இரண்டு பேரிடமும் கேட்டேன். இல்லை என்றார்கள், கணக்கிலும் இல்லை.

பெண் சொன்ன புகார்

இவ்வளவும் எழுதிவிட்டு, பெண் சொன்னதை விட்டால் ஆய்வு பாதிதான்.

கேள்விகளில் ஒரு கேள்வி அவளுக்குப் பல கடைகளில் வந்தது, சாதியைச் சுற்றி வளைத்து: "நீங்க எவா?" "பூர்வீகம் எந்த ஊரு, எந்தத் தெரு?" கூறைப்புடவை கேட்டு வந்த பெண்ணின் பேச்சில் திருநெல்வேலி அடித்ததும் ஒரு கடையில் புருவம் உயர்ந்தது. சாமான் கொடுப்பதில் எந்தக் குறையும் வைக்கவில்லை. "எனக்கு என்ன வேணும்னு கேட்டா சரி அங்கிள். நான் யாருன்னு எதுக்குக் கேக்கறாங்க? ஆன்லைன்ல யாரும் கேக்க மாட்டாங்க" என்றாள்.

கடைக்காரர்களிடம் இதைச் சொன்னேன். ஒருவர், முறை தெரியாமல் எப்படிச் சாமான் எடுத்துக் கொடுப்பது என்றார். அது பாதிதான் உண்மை. "என்ன முறைக் கல்யாணம்?" என்று கேட்டால் போதும், கட்டு, தாலி, சாமான் எல்லாம் அதிலேயே வந்துவிடும். பூக்கடைக்காரர் அப்படித்தான் கேட்டார்: தூக்குவார்களா, எத்தனை மணிக்கு. ஜவேரி பஜார்க் காரிகருக்குச் சாதியே தெரியாது. அவர் செய்ததுதான் இந்தச் சீட்டிலேயே நுட்பமான வேலை. ஆக அந்தக் கேள்வி தொழிலுக்குத் தேவை என்பது சால்ஜாப்பு. மும்பையில் கலப்புக் கல்யாணங்கள் கூடிக்கொண்டுதான் போகும். கூச்சப்பட்டு ஒரு பெண் திரும்பிப் போனால், அவளோடு ஆறு கடை வியாபாரமும் போகும். என்னிடம் கணக்குக் கொடுப்பவர்களுக்கு இதைச் சொல்லியிருக்கிறேன். ஒருவர் கேட்டுக்கொண்டார். ஒருவர் பேச்சை ஜி.எஸ்.டி.க்கு மாற்றினார்.

வேறு குறைகளும் உண்டு. மத்தியானம் கதவைச் சாத்திவிடுகிறார்கள். வாங்கியதைத் திருப்ப முடியாது. கேட்டால்தான் சரியான பில். இல்லையென்றால் துண்டுக் காகிதத்தில் கூட்டல். என் துணிப்பையில் பாதி அந்த ரகம்.

சதுர அடி திரும்பி வரும்

கல்யாணம் முடிந்து சில மாதத்தில் பூக்கடைக்காரர் என்னிடம் வந்தார். அவர் கடை இருக்கிற கட்டடம் 1940க்கு முந்தையது, பழுதுபார்ப்பு வரியான செஸ் கட்டுகிற கட்டடம். பில்டர் வந்துவிட்டார். மும்பையின் 2034ஆம் வருஷத்துக்கான வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளில் 33(7) பிரிவின் கீழ் இடித்துக் கட்டினால், கடைக்காரருக்கு இப்போது எவ்வளவு இடமோ அவ்வளவு புதுக் கட்டடத்தில் உண்டு. குடியிருப்புக்காரருக்குக் குறைந்தபட்சம் 300 சதுர அடி என்று ஒரு தளம் வைத்திருக்கிறார்கள். கடைக்கு அப்படி ஒன்றும் கிடையாது. கட்டி முடிக்கும்வரை மாதாமாதம் தற்காலிக வாடகை கொடுக்கிறேன் என்கிறார் பில்டர்.

வரைபடத்தை விரித்துப் பார்த்தோம். இடம் குறையவில்லை. ஆனால் கோயிலைப் பார்த்திருக்கிற முகப்பு முழுக்க ஒரு பெரிய ஷோரூமுக்கு. பழைய கடைகளை எல்லாம் பக்கவாட்டில், கார் ஏறும் சரிவுக்கு அந்தப்புறம் போட்டிருக்கிறார்கள். சட்டம் பேசுவது பரப்பளவை. பக்கத்தில் யார், எதிரில் எது என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. புடவைக் கடையிலிருந்து இறங்கி, கோயில் வாசலைத் தாண்டி, நாலு எட்டில் பூக்கடை என்பதால்தான் அந்தப் பெண் ஆர்க்கிட் படத்தை அவரிடம் காட்டினாள். சரிவைச் சுற்றிப் போக வேண்டுமென்றால் டெக்கரேஷன்காரருக்கே போன் போட்டிருப்பாள்.

கட்டி முடிக்க மூன்று வருஷம் என்கிறார்கள்; மும்பையில் அது எவ்வளவாகும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதுவரை காசை வாங்கிக்கொண்டு வீட்டிலிருந்தபடி ஆர்டர் எடுக்கலாமா என்பது பூக்கடைக்காரரின் மகனுடைய யோசனை. நான் வேறு சொன்னேன். கையெழுத்துப் போடுமுன், முகப்பில் அகலம் குறைந்தாலும் பரவாயில்லை, கோயில் பக்கம் பார்த்த கடை எண்ணை ஒப்பந்தத்திலேயே எழுதி வரைபடத்தை இணைப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள். இடைக்காலத்துக்கு வாடகைக்குப் பதில் அதே தெருவில் ஒரு பலகை போடுகிற இடமாவது கேளுங்கள். தனியாகப் போகாமல் மற்ற கடைக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரே வக்கீலிடம் போங்கள் என்று. மூன்றாவதுதான் கஷ்டம் என்றார். பக்கத்துக் கடைக்காரரோடு அவருக்கு வாசல் மறைப்பு விஷயமாக ரொம்ப நாளாகப் பேச்சு வார்த்தை கிடையாது. அடுத்த வாரம் புடவைக் கடைப் பெரியவரை நடுவில் வைத்து இரண்டு பேரையும் உட்கார வைப்பதாக இருக்கிறோம். பில்டர் கேட்டிருக்கும் பதில் இந்த மாதக் கடைசிக்குள் போக வேண்டும்.